மெசின் இல்லை என்று சொன்ன நாள்

எங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷன் டேப் ரிக்கார்டர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பைப்பின் நுனியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வளையத்தைக் கட்டி, ஆற்று மணலைக் கூட்டுவது போல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடப்பார். அவருக்குப் பின்னால் ஒரு பொம்பளை, ஒரு கையில் களைக்கொத்தும் இன்னொரு கையில் மாவுச் சல்லடையுமாக, முகத்தை உர்ரென்று வைத்தபடி போவாள். அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். உர்ரென்று போகிறவள் நான்.

அவருக்குப் போத்தனூரில் சின்னதாக ஒரு மோட்டார் கடை. கருகிப்போன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்தால் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். வெயில் காலம் முழுக்க மூச்சு விட நேரமிருக்காது. ஆடியில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டால் மோட்டார் ஓடுவது குறையும், கருகுவதும் குறையும். அந்த மாதம் கடைக்குப் பூட்டு. ஏதோ மில்லில் ஏலம் விட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு குடம், என் பழைய சேலையில் தைத்த திரை என்று அதை ஒரு வீடாக ஆக்கி வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்களை யார் கேட்பது? கிளம்பிவிடுவோம்.

மெசினும் அவர் செய்ததுதான். துபாய் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த புத்தகத்தில் படம் பார்த்து, மோட்டாருக்குச் சுற்றுகிற அதே கம்பியை வளையமாகச் சுற்றி, வார்னிஷ் அடித்து, பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டார். மண்ணுக்கு அடியில் உலோகம் ஏதாவது இருந்தால் அவர் காதுக்குள் கொய்ங் என்று சத்தம் கேட்கும். உடனே நின்று காலால் ஒரு கோடு போடுவார். நான் உட்கார்ந்து தோண்டிச் சலிக்க வேண்டும். பாலக்காடு தாண்டிக் கடற்கரைகளுக்குப் போயிருக்கிறோம், பார்க்குகளில் காலை நேரத்தில் புல்லைக் குத்தி வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததெல்லாம் சோடா மூடி, ஊக்கு, சைக்கிள் சாவி, பத்துப் பைசா. எப்போதாவது ஒரு வெள்ளி மெட்டி. அதற்கே அவர் முகம் தீபாவளி மாதிரி ஆகிவிடும்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் சந்தேகப்படுவதிலும் மரியாதை விட மாட்டார்கள். தாராபுரம் பக்கம் ஒரு குளத்தங்கரையில் ஏழெட்டுப் பேர் வேனைச் சுற்றி நின்றுகொண்டு, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, வண்டிக்குள்ள ஒருக்கா பாத்துக்கறமுங்க" என்றார்கள். பார்த்தார்கள். பாயைப் புரட்டி, அரிசி டப்பாவைத் திறந்து, என் துணிப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். புதையல் எடுக்க வந்திருக்கிறோம், பலி கொடுக்கக் கோழியோ எலுமிச்சம்பழமோ இருக்கும் என்று தேடினார்களாம். சாமி சிலை திருட வந்தவர்கள், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று வேறு ஊர்களில் வேறு பேச்சு. போகும்போது எல்லாரும் கும்பிட்டு, "வாரமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இன்னொரு விசாரணை இருக்கிறது. எந்த ஊருங்க என்பார்கள். போத்தனூர் என்றால், போத்தனூரில் யார் வீடு என்பார்கள். யார் வீடு என்று சொன்னால் எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பீர்கள் என்று போகும். என் அப்பா வரைக்கும் பிறர் தோட்டத்தில் பண்ணையத்து வேலை. அப்புறம் ஞானஸ்நானம், ரயில்வே வேலை, சர்ச் தெருவில் வீடு. நான் சர்ச் என்று சொன்னதும் அவர்கள் "அப்படீங்களா" என்பார்கள். அந்த "அப்படீங்களா"வுக்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டால் டம்ளர் வராது, கையில் ஊற்றுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் நானும் லேசுப்பட்ட ஆளில்லை. நான் ஒரு சந்தேகப் பிராணி. அவர் தனியாக நாலடி போய்விட்டு வந்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பேன். ஒரு தடவை அவர் சாக்ஸுக்குள் ஒரு சின்ன வெள்ளிக் கொலுசு கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன். முழித்தார். இரண்டு நாள் பேசவில்லை, சோறும் ஆக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மெருகு போட்டு எனக்கே கொடுக்க வைத்திருந்தாராம். "மெசினு எதுக்கு அம்மணி, உன்ற கண்ணைக் கழட்டிக் கம்பீல மாட்டுனாப் போதுமே" என்று அதற்கப்புறம் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு முடிந்து இரண்டு நாள் கழித்து கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் ஒரு படித்துறைக்கு மேலே வேனை நிறுத்தியிருந்தோம். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் ஆறு. ஆடி நோம்பிக்குச் சுற்றுப்பட்டுப் பொம்பளைகள் அத்தனை பேரும் அங்கேதான் வந்து மஞ்சள் கயிறு மாற்றுவார்கள். காசு போடுவார்கள், பூ விடுவார்கள், பழைய கயிற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் வந்துபோன மணல் என்றால் என் வீட்டுக்காரருக்கு வாயில் எச்சில் ஊறும்.

காலையில் வேலையை ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, மேலே ரோட்டில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தது அறுபதை நெருங்குகிற ஒரு அம்மா. ஆம்பளை வாட்ச் கட்டியிருந்தார், சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்தார். பின்னால் உட்கார்ந்து வந்தது அவர் மருமகள். இருபது, இருபத்தொன்று இருக்கும். அந்தப் பெண்ணின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் தாலி இல்லை, ஒரு மஞ்சள் கிழங்கு மட்டும் தொங்கியது.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. மகன் போர்வெல் லாரியில் வடக்கே போயிருக்கிறான். மருமகள் ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் கயிறு மாற்ற ஆற்றுக்கு வந்தவள், தாலியோடு சேர்த்துப் பழைய கயிற்றை ஆற்றில் விட்டுவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். ஆனால் அவளுடைய கூடப்பிறந்தவன் காட்டில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடனில் கிடக்கிறான், போன மாதம் காதுத் தோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தவள் இவள். ஆற்றில் போனதா, அவனிடம் போனதா என்று தெரிய வேண்டும். ஊருக்குள் எங்கள் மெசினைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம்.

"ஆத்துல இருந்தா எடுத்துக் குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க. பொறந்தவனைச் சாயங்காலம் வரச் சொல்லி ஆள் உட்டிருக்கறேன். இல்லைன்னா அவனோடயே போயிரட்டும்."

மருமகளை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

என் வீட்டுக்காரர் பேட்டரி மாற்றப் போனார். நான் அந்தப் பெண்ணை வேன் நிழலில் உட்காரவைத்துக் கேட்டேன். அக்கறையில் கேட்டேன் என்று சொன்னால் பொய். போலீஸ்காரன் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. தோட்டைக் கொடுத்தாயா என்றேன். கொடுத்தது நிஜம், அது என் அம்மா போட்டது, அதனால் கொடுத்தேன் என்றாள். தங்கம் கையில் இருப்பது தெரியாமல் ஒருத்தி ஆற்றில் விடுவாளா என்றேன்.

"கழுத்து ஒரு நிமிசங்கூட வெறுசா இருக்கக் கூடாதுன்னு புதுக் கயித்துல மஞ்சளைக் கோத்து மொதல்லயே கட்டிக்கிட்டனுங்க. அப்பறம்தான் பழசைக் கழட்டுனேன். தாலிய உருவிப் புதுசுல கோக்கறதுக்குள்ள கை ஈரமா இருக்குதுன்னு பூவு மேல வெச்சனுங்க. பின்னால இருந்து தள்ளுனாங்க, எடத்தை உடு, எடத்தை உடுன்னாங்க. அவசரத்துல பூவை ரெண்டு கையிலயும் அள்ளி உட்டுப்போட்டேன். கழுத்துலதான் கயிறு இருந்துதுங்களே, எனக்கு ஒண்ணும் தோணுல. கரைக்கு ஏறுன பொறகுதான் தடவிப் பார்த்தேன்."

எந்த இடம் என்றேன். மூன்றாவது படிக்குக் கீழே, துணி துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். சொன்னதெல்லாம் கோர்வையாக இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. இத்தனை கோர்வையாகச் சொல்ல வேண்டுமென்றால் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாளாக அவளை எத்தனை பேர் இதையே கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேட ஆரம்பித்தோம். அதற்குள் படித்துறையில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அவள் காட்டிய இடத்துக்குப் போய்க் கணுக்கால் தண்ணீரில் வளையத்தை இறக்கினார். உடனே கொய்ங். குனிந்து தோண்டினேன். ஷாம்பு பாக்கெட். நாலு விரல் தள்ளி இன்னொரு சத்தம். பாக்கு பாக்கெட். அப்புறம் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், திரும்ப ஷாம்பு. நோம்பிக்கு வந்த அத்தனை பேரும் அங்கேயே தலைக்குக் குளித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒவ்வொரு தடவை சல்லடையைத் தூக்கும்போதும் ஜனம் எட்டிப் பார்க்கும், பாக்கெட்டைப் பார்த்ததும் சிரிக்கும். ஒருவர், "ஏனுங்க, சீயக்காய்ப் பொடியும் கெடைக்குமுங்களா" என்று கேட்டார். இன்னொருவர், இது வெறும் பைப்பு, ஜனத்தை ஏமாற்றுகிற வேலை என்று என் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவமானம் வேறு.

மெசினில் ஒரு திருகு இருந்தது. அதை ஒரு அளவுக்குத் திருப்பிவிட்டால் வெள்ளித்தாள், பாக்கெட் மாதிரி சன்னமான சாமானுக்கெல்லாம் சத்தம் வராது, காசு மாதிரி தடிமனானதுக்கு மட்டும் வரும். பார்க்குகளில் அப்படித்தான் வைத்துக்கொள்வோம். அதைத் திருப்புங்கள் என்றேன். அவர் தயங்கினார். "சன்னமான நகையும் தப்பிப் போனாலும் போயிரும் அம்மணி" என்றார். தாலி என்ன வெள்ளித்தாளா, தங்கம் அய்யா, தங்கத்துக்குச் சத்தம் வராமல் பின்னே எதுக்கு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார். அவர் திருப்பவில்லை. நானே எட்டிப் பிடித்துத் திருப்பினேன்.

அதற்கப்புறம் வேலை சுத்தமாக நடந்தது. அவள் காட்டிய இடத்தில் இரண்டு தடவை போனோம், சத்தமே இல்லை. படித்துறை முழுக்க, மேலும் கீழும், துவைக்கிற கல் வரைக்கும் போனோம். சத்தம் வந்த இடத்திலெல்லாம் காசு. ஜனம் சிரிப்பை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு காசு வரும்போதும் "அட" என்றார்கள். மெசின் நிஜம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. எனக்குத் தலை நிமிர்ந்தது.

மதியம் ஆனபோது அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார், என் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. "என்னுங்க, இருக்குதுங்களா இல்லீங்களா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இங்க இருந்தா மெசின் சொல்லியிருக்குமுங்க. பத்துப் பைசாவைச் சொல்லுது, தங்கத்தைச் சொல்லாதுங்களா? இல்லீங்க."

அந்தப் பெண் அழவில்லை. மூன்றாவது படிக்குக் கீழே போய்த் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி, நடிக்கிறாள் பார் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்கால பஸ்ஸில் பிறந்தவன் வந்தான், ஒல்லியாக, செருப்பில்லாமல். ஒரு துணிப்பையோடு அவளைக் கூட்டிக்கொண்டு அதே பஸ் திரும்பி வரும்போது ஏறிப் போனான்.

அந்த அம்மா எங்களைத் தோட்டத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். "வாங்க அம்மணி, சித்தெ உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அவர் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் எனக்கும் காபி வந்தது. நாங்கள் யார், எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும், காலையிலேயே விசாரித்திருந்தார். இருந்தும் டம்ளர் வந்தது. அந்தக் காபி எனக்கு எவ்வளவு ருசித்தது என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் அப்பா அப்படி ஒரு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. நான் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன். என் வீட்டுக்காரர் முதல் டம்ளரையே முடிக்கவில்லை.

அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் அவர் சரியாகப் பேசவில்லை. எனக்கு வழக்கம் போல வேறு சந்தேகம். தாலியை இவர் எடுத்துவிட்டாரோ, அதனால்தான் முகம் இப்படி இருக்கிறதோ என்று, அவர் குளிக்கப் போனபோது சட்டை, பேட்டரிப் பெட்டி, சாக்ஸ் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு வந்தவர் நான் உதறிப் போட்டதையெல்லாம் பார்த்தார், கோபப்படவில்லை. "உன்ற தாலியக் கொஞ்சம் கழட்டிக் குடு" என்றார்.

எதற்கு என்றேன். கொடு என்றார். எங்கள் தாலி சிலுவை வைத்தது, சின்னது. சங்கிலியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். அதை வேனுக்குப் பக்கத்தில் ஒரு சாண் மணலுக்கு அடியில் புதைத்தார். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, வளையத்தை அதற்கு மேலே இப்படியும் அப்படியும் ஆட்டினார். சத்தம் இல்லை. இன்னும் தாழ்த்தி ஆட்டினார். இல்லை. அப்புறம் அந்தத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஆட்டினார். என் காதுக்குள் கொய்ங் என்றது.

ஷாம்பு பாக்கெட்டுக்கும் இதே சத்தம்தான், கொஞ்சம்கூட வித்தியாசமில்லை என்றார். சன்னமாக அடித்த தங்கமும் வெள்ளித்தாளும் இந்த மெசினுக்கு ஒன்றுதான். நான் திருகைத் திருப்பிய கையைப் பார்த்தேன். "என்னங்க பண்ணிப்போட்டேன் நானு" என்று கேட்டேன். அவர் மணலைக் கிளறி என் தாலியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தோண்டினோம். ஆற்றில் தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பாக்கெட் பாக்கெட்டாக எடுத்துச் சாக்கில் போட்டேன். நகக்கண்ணில் மணல் ஏறி எரிந்தது. மத்தியானம் தாண்டி, மூன்றாவது படிக்குக் கீழே, துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் ஆழத்தில் சல்லடையில் ஒரு மஞ்சள் முடிச்சு நின்றது. கயிறு நைந்திருந்தது, அழுகின செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. உள்ளே தாலி. நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈரச் சேலையோடு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டுத் தாலிதான், ஆசாரி போட்ட குறி இருக்கிறது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மருமகளைக் கூட்டிவர மொபெட்டை எடுப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தாலியை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பையன் உங்க வண்டிக்கு வந்தானுங்களா?"

எந்தப் பையன் என்று எனக்குப் புரியவில்லை.

"அவ பொறந்தவந்தானுங்க. அடகுல இருந்து மீட்டுக் கொண்டாந்து உங்க கையில குடுத்து, ஆத்துல கெடைச்சுதுன்னு சொல்லச் சொன்னானாக்கும்."

என் வீட்டுக்காரர் திருகைப் பற்றி நிதானமாக, பொறுமையாக விளக்கினார். மெசினைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். "அன்னைக்கு ஊரே பாத்துட்டு நிக்க இல்லைன்னு சொன்ன மெசினு, இன்னைக்கு யாருமே இல்லாதப்ப இருக்குதுன்னு சொல்லுதுங்களா" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்தினேன். தப்பு என்னுடையது, திருகைத் திருப்பினது நான், இல்லை என்று சொன்னதும் நான், அந்தப் புள்ளை சொன்ன இடத்திலேயேதான் கிடந்தது, வேண்டுமானால் என்னை அடியுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. அழுகின பூவைக் காட்டினேன். பூவை யாரும் வைக்கலாமே என்றார். மூன்று நாள் முன்பு நான் அந்தப் பெண்ணை எப்படிப் பார்த்தேனோ அப்படியே என்னைப் பார்த்தார். அன்றைக்குக் காபி இல்லை. "போயிட்டு வாங்க" என்று எழுந்துகொண்டார்.

வேனை அந்தியூருக்கு விடச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்த வீடு என்று அவள் அன்றைக்குச் சொல்லியிருந்தாள். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஓட்டு வீட்டு வாசலில் ஈரச் சாக்கை விரித்து, பக்கத்துக் கொடிக்காலில் பறித்த வெற்றிலையை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள், கூலிக்கு. கழுத்தில் அதே கயிறு, அதே மஞ்சள் கிழங்கு. எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்க என்றாள். பாய் எடுத்துப் போட்டாள்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, என் தாலியைப் புதைத்துப் பார்த்தது, தண்ணீரில் கிடைத்தது, அவள் மாமியார் கேட்டது, நான் கத்தினது. மன்னித்துக்கொள் கண்ணு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. எந்த இடத்தில் கிடந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டினாள், தனக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது போல. ஆமாம், அவளுக்குத் தெரியுமே.

இன்னொரு தடவை வந்து உன் மாமியாரிடம் பேசுகிறேன், ஊர் முன்னால் மெசினை வைத்துக் காட்டுகிறேன், உன் வீட்டுக்காரன் வடக்கே இருந்து வரட்டும், அவனிடமும் சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் உட்கார்ந்து, எண்ணி விட்ட இடத்திலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

"வேணாமுங்கக்கா. நீங்க அன்னைக்கு அந்தப் பக்கமே வராம இருந்திருந்தீங்கன்னா, கூறு கெட்டவ, ஆத்துல உட்டுப்போட்டாளேன்னு நாலு நாளைக்குத் திட்டிப்போட்டு உட்டிருப்பாங்க. நான் அங்கயே இருந்திருப்பனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, விட்ட எண்ணிக்கை மறந்துபோய், அந்தக் கட்டைப் பிரித்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.